தகரக் கூரையின் கீழே

பர்மாவின் யாங்கோன் நகரத்தில், கியாக்டடா பகுதியில் ஒரு கட்டிட அலுவலகத்தில் வரைபடம் போடும் ரோஸ்லினுக்கு அந்த மரப்பாலத்தை முதல் நாளே பிடித்துப்போயிற்று. யாங்கோன் ஆற்றைப் படகில் கடந்து, வயல்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால், ஓடையின் மேல் நீளமான வீடு ஒன்று கால் ஊன்றி நிற்பது போல இருக்கும். மேலே கூரை, இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குக் கிராதி, நடுவில் வழி.

அதற்கு முன் அங்கே இருந்த இரண்டு பாலங்களும் மழையில் ஊறி உளுத்துப்போனவை. நகரத்தின் அலோன் பகுதியில் மர வியாபாரம் செய்த ஒருவர், வெள்ளைக்காரன் காலத்தில், மூன்றாவதைக் கட்டினார். பலகை நனையாமல் இருந்தால் பாலம் நிற்கும் என்று கூரையும் போட்டார். இரும்புபோல் உறுதியான பிங்கடோ மரத்தில் தூண்கள், தேக்கில் முக்கோணச் சட்டங்கள், ஆணிக்குப் பதில் மர முளைகள். இன்றைக்கும் பாலத்தின் உடம்பு கிண்ணென்று இருந்தது. கூரையின் மர ஓடுகள்தான் பாதிக்கு மேல் போய்விட்டன.

ஊர்க்காரர்கள் அதைச் சரிசெய்ய முடிவெடுத்தார்கள். வரைபடத்துக்கு ரோஸ்லின் வந்தாள். வேலைக்கு, நகரத்தின் தாமுவே பகுதியைச் சேர்ந்த மர ஒப்பந்தக்காரன் பாலா வந்தான். இருவரும் யாங்கோன் தமிழர்கள். சனிக்கிழமைதோறும் இருவருக்கும் தமிழில் ஒரே சண்டைதான்; ஆனால் 'மா', 'கோ' என்ற பர்மிய மரியாதை மட்டும் விடாது.

"தகரம் போட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிடும், மா ரோஸ்லின். ஒரு சொட்டு உள்ள வராது."

"பாலம் பாக்கறதுக்குக் கோழிப்பண்ணை மாதிரி ஆயிடும், கோ பாலா."

"கோழி நனையாம இருக்குதில்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கக் குனிந்து அளவு நாடாவைச் சுருட்டினாள். படகுத்துறைக்கு அவளுக்கு முன்னாலேயே வந்து, பால் டீ வாங்கி வைத்துக்கொண்டு நிற்பவனோடு எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்?

கடைசியில் ஊர்க்காரர்களே ஒரு வழி சொன்னார்கள். பாலத்தின் ஒரு பாதிக்குத் தகரம், மறு பாதியில், மிஞ்சிய பழைய மர ஓடுகள். ஒரு மழை பெய்யட்டும், பார்ப்போம்.

அடுத்த சனிக்கிழமை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பாலத்தின் இரு ஓரங்களிலும் மீனும் கீரையும் விற்கும் பெண்கள் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். தகரத்தின் கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை, உண்மைதான். ஆனால் ஆயிரம் பேர் சேர்ந்து தட்டு அடிப்பது போலச் சத்தம். மீன் விற்கும் டோ கின் ட்வே, கெண்டை கேட்டவருக்குக் கெளுத்தியை நறுக்கிவிட்டாள். பேரம் பேச வந்தவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அங்கங்கே ஒழுகினாலும் பரவாயில்லை என்று கூடைகள் ஒவ்வொன்றாக மர ஓட்டுப் பக்கம் நகர்ந்தன.

தகரத்தின் கீழே மிஞ்சியது ரோஸ்லினும் பாலாவும்தான். அவன் என்னவோ சொன்னான்.

"என்ன?"

திரும்பவும் சொன்னான். அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"கேக்கலை! அந்தப் பக்கம் வாங்க!" என்று கத்திவிட்டு அவள் மர ஓட்டுப் பக்கம் ஓடினாள். பின்னாலேயே வந்தவன், அங்கே சத்தம் அடங்கியிருப்பதைக் கவனிக்கவில்லை. பதற்றத்தில் தமிழும் கைவிட்டது. பர்மிய மொழியில், தொண்டை கிழியக் கத்தினான்: "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

கீரைக்கட்டைக் கட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. டோ கின் ட்வே கத்தியைக் கீழே வைத்தாள்.

ரோஸ்லினுக்கு முகம் சுட்டது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பாலாவோ ஓடையில் குதித்துவிடலாமா என்று யோசிப்பவனைப் போல நின்றான். அவனுக்கு மட்டும் புரியட்டும் என்று அவள் தமிழில் சொன்னாள்: "எங்க அப்பாகிட்ட வந்து கேளுங்க. நான் சரின்னு சொல்லிட்டேன்னும் சொல்லிடுங்க."

"என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று கூட்டம் அவனை மொய்த்தது. அவன் சிரித்த சிரிப்பிலேயே அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கூரை விஷயத்தை டோ கின் ட்வே முடித்துவைத்தாள். "ஒழுகுற இடத்துல வாளி வைக்கலாம். காதுக்கு எதை வைக்கிறது? மர ஓடே போடுங்க." பாலா தலையாட்டினான். அன்றைக்கு எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பான்.

ரோஸ்லினின் அப்பா அகஸ்டின், கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலா, தங்கள் சர்ச்சிலா என்று சில வாரம் முணுமுணுத்தார். பிறகு மகளோடு ஒருநாள் படகேறி வந்து, பாலாவின் ஆட்கள் புது ஓடுகளை வரிசையாக அடுக்குவதைப் பார்த்தார். கிராதியில் கையூன்றி நெடுநேரம் நின்றவர், திரும்பும் வழியில், "ரெண்டு இடத்துலயும் வச்சிடுவோம்" என்றார்.