சுக்கானுக்குக் கீழே

கடப்பாரை தெறித்து விழுந்தது. சௌந்திரத்தின் கொழுந்தன் தண்டாயுதபாணி கையை உதறினான். குழி முழங்கால் ஆழம்கூட இறங்கவில்லை. அதற்குள் அடியில் வெள்ளையாய்ப் பாறை.

"அவ்வளவுதான். எமனே வந்தாலும் இதுக்குக் கீழ நோண்ட முடியாது. வண்டிக்குப் போன் போடு மயில்சாமி. நாமக்கல்லுக்குக் கொண்டுபோயி எரிச்சிரலாம்."

வாசலில் புருசனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சௌந்திரத்தின் காதில் அது விழுந்தது. முப்பது வருசம் கிணறு வெட்டிய மனுசன் கைலாசம். தூசி தின்ற நெஞ்சோடு கிடந்த கடைசி வாரத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஊரான் காட்டுக்கெல்லாம் குழி வெட்டுனேன். எனக்கு ஒண்ணு நம்ம காட்டுல வெட்டிரு புள்ள."

சௌந்திரம் எழுந்தாள். ஒப்பாரி நின்றது. யாரோ முந்தானையைப் பிடித்தார்கள்.

"அக்கா, பொம்பளைங்க குழிக்குப் போவக் கூடாதுங்க."

"பாதி ஆயுசு குழிக்குள்ளதான் கெடந்தேன். உடுங்க."

மரவள்ளிச் செடிகளை விலக்கிக்கொண்டு போய்க் குழிமேட்டில் நின்றாள்.

"பாறைங்க அண்ணி," என்றான் தண்டாயுதபாணி.

"பாறையில்ல. சுக்கான், சுண்ணாம்புக் கல்லு."

"பன்னண்டு வருசமா ரிக்கு வண்டில போர் போடறேன். எனக்குத் தெரியாதுங்களா?"

"நீ மிசினைப் பாத்த, உங்கண்ணன் கடப்பாரையப் பாத்தாரு. வெட்டுனதையெல்லாம் தலையில சொமந்து மேல கொண்டாந்தவ நானு."

கடப்பாரையை வாங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"கேட்டியா? கருங்கல்லுன்னாக் கூவும். இது இருமுது."

மயில்சாமி சிரித்துவிட்டு, எழவு வீடென்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

எந்தக் கல் எந்த ஆழத்தில் கிடக்கும் என்பது அவள் கழுத்துக்குத் தெரியும். செம்மண் கூடை காதோரம் வழியும். சுக்கான் உச்சந்தலையைக் குத்தும். அடுத்து வரும் அழுகல் பாறை பார்க்கத்தான் கல், கனம் இருக்காது. கடைசியில் வருவதுதான் கருங்கல். பூமிக்குள் வெந்து இறுகியது, பிடரியை நொறுக்கும்.

"மழத்தண்ணி கல்லுக்குள்ள எறங்கி அதுல இருக்கற சுண்ணாம்பக் கரைக்குது. வெயிலு அதை மேல இழுத்துப் பாலாடையாட்டம் ஒறைய வெக்குது. மேல ஆடை இத்தன கெட்டியா இருந்தா, அடியில கல்லு சாறு போயிக் கெடக்குதுன்னு அர்த்தம். நடுவுல குத்தாத. ஓரத்துல சந்து பாத்து நெம்பு."

"நெம்பியும் வல்லீன்னா?"

"நீயே கொண்டுபோயி எரிச்சுக்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கடப்பாரையை அவன் கையில் கொடுத்தாள்.

இரண்டு பேர் சேர்ந்து நெம்பினார்கள். மூன்றாவது நெம்பலில் சுக்கான் பலகை பலகையாய்ப் பெயர்ந்தது. கீழே பழுப்பும் மஞ்சளுமாய்க் கல். கல்லின் வரியெல்லாம் அப்படியே இருந்தது. தண்டாயுதபாணி ஒரு துண்டை எடுத்து அழுத்தினான். விரலிடுக்கில் புட்டுமாவாய் உதிர்ந்தது. சுற்றியிருந்தவர்களிடம் அதைக் காட்டாமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"அந்த மம்முட்டிய எடுங்கப்பா," என்றான்.

"வண்டி வேண்டாமுங்க," என்று மயில்சாமி போனில் கத்தினான். மேட்டில் நின்றவர்கள் தானாகவே விலகிச் சௌந்திரத்துக்கு இடம் விட்டார்கள்.

வெயில் சாய்வதற்குள் குழி கழுத்தாழம் போனது. தண்டாயுதபாணி வியர்வையோடு அண்ணாந்து பார்த்தான்.

"போதுங்களா அண்ணி?"

அவள் குழியின் சுவரைப் பார்த்தாள். செம்மண், வெள்ளை, பழுப்பு, நூல் பிடித்தாற்போல.

"இன்னொரு மொழம் போ சாமி."

அவன் மம்முட்டியோடு குனிந்தான். தலை உள்ளே மறைந்தது. மண் மட்டும் மேலே வந்து விழுந்துகொண்டிருந்தது.