இடப்பக்கம் சுற்றிய பதினொன்று

சரளாவுக்கு உலகத்தில் யாரையுமே பிடிக்காது என்று மர்பி டவுனில் பேசிக்கொள்வார்கள். அது பொய். பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ப்ராஜெக்டை அவளிடம் செய்யக் கொடுத்து வாங்கிப்போய், 'எங்க பையனே செஞ்சான்' என்று பெருமையடிக்கிற பெற்றோரை மட்டும்தான் பிடிக்காது. அவளுடைய ஒற்றை அறை வீட்டுக்கு வருகிற எல்லாருமே அந்த வகையறாவாக இருந்ததற்கு அவள் என்ன செய்வாள்?

சிவாஜிநகரில் தெர்மாகோலும் பாசிமணியும் கம்பியும் வாங்கிவந்து, கேட்டதைச் செய்துகொடுப்பாள். கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "எழுத்தைக் கொஞ்சம் கோணலா எழுதுங்கக்கா, குழந்தை செஞ்ச மாதிரி இருக்கணும்" என்பாள் ஒரு அம்மா. குரங்கிலிருந்து மனிதன் வரைக்கும் ஆறு களிமண் பொம்மைகளை வரிசையாக நிறுத்திக் கொடுத்தால், "கார் டிக்கில கொள்ளல, நடுவுல ஒரு குரங்கை எடுத்துருங்க" என்றார் ஒரு அப்பா. எடுத்தாள். அந்தப் பிள்ளைக்கு ஏ பிளஸ் வந்தது. இன்னொருத்தர் திமிங்கலத்தை மீன்களோடுதான் ஒட்டவேண்டும் என்று அடம்பிடித்தார். "அது குட்டி போட்டுப் பால் குடுக்கும்மா" என்று மகள் விஜி சொன்னாள். சரளா அவர் கேட்ட இடத்திலேயே ஒட்டிக்கொடுத்தாள். படித்த முட்டாளோடு வாதாட அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

விஜி எட்டாவது. பெரிய பள்ளிக்கூடம், அரசு ஒதுக்கீட்டில் கிடைத்த இலவச சீட். அந்தச் சலுகை எட்டாவதோடு முடிகிறது. இந்த வருஷ அறிவியல் எக்ஸிபிஷனில் எட்டாம் வகுப்பின் முதல் பரிசு யாருக்கோ, அவர்களுக்கு ஒன்பதும் பத்தும் ஃபீஸ் கிடையாது என்று பிரின்சிபால் அறிவித்திருந்தார். பரிசு இல்லாவிட்டால் விஜி அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

"நான் செஞ்சு தர்றேன்டி" என்றதற்கு விஜி ஒத்துக்கொள்ளவில்லை. "நீ செய்யிறது ப்ராஜெக்ட் இல்லம்மா, பார்சல்." சரளாவுக்குச் சுருக்கென்றது. விஜி தன்னுடையதை வகுப்பு முடிந்ததும் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து செய்து, அங்கேயே பூட்டி வைத்தாள்.

எக்ஸிபிஷன் அன்றைக்கு எட்டாம் வகுப்பு மேஜைகளில், எல்லாருக்கும் ஒரே தலைப்பு என்பதால், பன்னிரண்டு டி.என்.ஏ. மாடல்கள் நின்றன, முறுக்கிய ஏணிகளாக. அவற்றில் பதினொன்று சரளா செய்தவை. ஹரிஷ் என்கிற பையனின் மாடல் பக்கத்தில் அவன் அப்பா பாலசுப்ரமணியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. "கிரியேட்டிவிட்டி எங்க ஜீன்லயே இருக்கு மேடம். எங்கப்பா இன்ஜினியர்" என்று சயின்ஸ் டீச்சர் ஷில்பாவிடம் அளந்துகொண்டிருந்தார். சரளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஜீன் போன வாரம் அவள் வீட்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து விரலெல்லாம் பசையாகக் கிடந்தது.

ஷில்பா மிஸ் மார்க் ஷீட்டோடு விஜியிடம் வந்தாள். "உன்னோடது மட்டும் ஏன் மாத்திச் சுத்துது?"

"இதுதான் மிஸ் சரி. ஸ்க்ரூவில மரை ஏறுற மாதிரி வலப்பக்கமா மேல ஏறணும். மத்ததெல்லாம் இடப்பக்கமா ஏறுது."

"தலைகீழா வெச்சா மாறிடும், அவ்வளவுதான்."

விஜி ஹரிஷின் மாடலைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். அப்போதும் அது இடப்பக்கமாகத்தான் ஏறியது. மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "பதினோரு பேர், பதினோரு வீட்ல, தனித்தனியா செஞ்சிருக்காங்க. எல்லாரும் ஒரே தப்பை ஒரே மாதிரி செய்வாங்களா? நீ ஒருத்திதான் புத்திசாலியா?"

"நீங்கதானே மிஸ் சொல்லிக் குடுத்தீங்க? வேற வேற உயிர்ல ஒரே வேண்டாத அடையாளம் இருந்தா, எல்லாம் ஒரே மூதாதைகிட்ட இருந்து வந்திருக்கும்னு."

"யாரு அந்த மூதாதை?"

யாரோ சிரித்தார்கள். விஜி அம்மா பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

சரளாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு டியூஷன் சென்டரில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக் கதவில் ரோட்டைப் பார்த்து ஒட்டியிருந்த படத்தை உள்ளேயிருந்து பார்த்துத்தான் அந்த ஏணியைச் செய்யக் கற்றுக்கொண்டாள். பின்பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் மாறித்தானே தெரியும்! அத்தனை வருஷத்தில் மாடல் வாங்கிப்போன ஒரு டாக்டர் கண்ணிலும் படவில்லை, ஒரு டீச்சர் கண்ணிலும் படவில்லை. வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து அவளுக்குக் காது சுட்டது.

வாயைத் திறந்தால் இனி ஒரு ஆர்டரும் வராது. திறக்காவிட்டால் விஜிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. முன்னால் போனாள்.

"அந்தப் பதினொன்னும் நான் செஞ்சது மேடம்" என்றாள் கன்னடத்தில். "தப்பு என்னோடது. எம்பொண்ணோடதுதான் சரி."

"யாருங்க இந்தம்மா?" என்றார் பாலசுப்ரமணியன். முந்தாநாள் வாட்ஸாப்பில் 'சூப்பர் அக்கா' என்று கைகூப்பி அனுப்பின அதே மனுஷன். மற்ற அப்பா அம்மாக்களும் அவளைப் பார்த்ததே இல்லை என்கிற மாதிரி நின்றார்கள். அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள்தான் அத்தனை பேரும். த்தூ என்றிருந்தது அவளுக்கு.

ஷில்பா மிஸ் சரளாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இதே வேலையா செய்றவங்க நீங்க. அப்போ உங்க பொண்ணோடதும் நீங்க செஞ்சதுதானே? இங்க கொண்டாந்து பூட்டி வெச்சா மட்டும் அவ செஞ்சதாயிடுமா?" என்று கேட்டு, விஜியின் பெயருக்கு நேராகப் பேனாவை வைத்தாள்.

காப்பாற்ற வந்த சரளா தானே மகளைப் பிடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்ட மாதிரி ஆயிற்று.

"இல்ல மிஸ்" என்றாள் விஜி. ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. "எங்கம்மாவுக்குச் சரியா செய்யத் தெரியாது. வேணும்னா இப்பவே செய்யச் சொல்லுங்க."

விஜியின் பையிலிருந்த மிச்சக் கம்பி இரண்டை மிஸ் வாங்கி சரளாவிடம் நீட்டினாள். "சரியானதைச் செஞ்சு காட்டுங்க பார்க்கலாம்."

கம்பியைக் கையில் வாங்கியதுமே சரளாவுக்குத் தெரிந்துவிட்டது. விஜியின் மாடலையும் ஹரிஷின் மாடலையும் சேர்த்துப் பார்த்தபோதே அவள் கை கற்றுக்கொண்டுவிட்டது. மணிக்கட்டை மறுபக்கம் திருப்பினால் போதும், அரை நிமிஷ வேலை. அந்த ஹாலில் கோட்டும் சூட்டுமாக நின்ற ஒருத்தருக்கும் வராத வேலை. செய்து மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும் போல அவளுக்கு வெறியே வந்தது. எதிரே விஜி உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரளா இடப்பக்கமாக முறுக்கினாள். நிதானமாக, கடைசிச் சுற்று வரைக்கும்.

பாலசுப்ரமணியன்தான் முதலில் சிரித்தார். "இதுகூடத் தெரியல, இந்தம்மா செஞ்சாங்களாம்!" கூட நாலு பேர் சிரித்தார்கள். பிறகு அவர் பார்வை அவள் கையிலிருந்து மகனின் மாடலுக்குப் போனது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. சிரிப்பு பாதியில் நின்றது. ஷில்பா மிஸ் மேஜைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். முதல் பரிசுக்கு நேராக விஜியின் பெயரை எழுதிவிட்டு அடுத்த வகுப்புப் பக்கம் போனாள்.

விஜி வந்து அம்மாவின் கையிலிருந்த கம்பியை வாங்கிக்கொண்டாள்.

"நெசமாவே வரலியாம்மா?"

"வரலடி" என்றாள் சரளா.