நூறு வீடுகளின் ஐப்பசி பதினொன்று

மேலச்சிந்தாளையில் ஐப்பசி பதினொன்றாம் தேதிக்கு மட்டும் புதிய வானிலை கிடையாது. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஐப்பசி பதினொன்று ஒதுக்கப்படும். ஊரில் நூறு வீடு, வானிலைக் கூடத்தில் நூறு வருடப் பதிவு. மழைமானி வாங்கிய காலத்தில், வருடத்துக்கு ஒரு நாள் பார்த்து எழுதினால் போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அந்த ஒரு நாளையாவது உருப்படியாகப் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஒரு வருடம் பதிவுக்காரரின் கடிகாரம் நின்றுபோயிருந்தது. அந்த வருடம் விழுகிற வீட்டில் சூரியன் ஒன்பது இருபதுக்குத்தான் உதிக்கும். பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார், தூங்கத் தோதாக இருக்கிறதாம்.

அதற்கு முதல் நாள், பத்தாம் தேதி காலையில், மைதாப் பசை தடவிக் கதவுக்குக் கதவு சீட்டு ஒட்டுவார்கள். எந்தக் கதவில் எந்தச் சீட்டோ, அந்த வீட்டில் அந்த வருடம் நடக்கும். சுப்புத்தாய் வீட்டுக் கதவில் ஏழாவது தடவையாக அதே சீட்டு. தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர், காலை ஏழு முதல் ஒன்பது வரை.

போன ஆறு தடவையும் அவள் புருஷன் வீரணன் மழை விட்டதும் மேற்குச் சுவரை மண் குழைத்துப் பூசிவிடுவான். இந்த வருடம் அவன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தான். ஒரு மாதம் அசைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒற்றை அறை வீடு. கட்டில் கிடந்தது மேற்குச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. சுவரோ ஏற்கெனவே வயிறு தள்ளி நின்றது. இரண்டு மணி நேர மழைக்கு அது கட்டில் மேல்தான் விழும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வானிலைக் கூடத்து எழுத்தர் நமச்சிவாயத்துக்கு மட்டும் தெரியவில்லை.

சுப்புத்தாய் சீட்டைப் பிய்த்துக்கொண்டு அவர் மேசை முன்னால் போய் நின்றாள்.

"இந்த ஒரு வருஷம் வெயிலாப் போட்டுக் குடுங்க சார். அவரு எந்திரிக்க மாட்டாமக் கெடக்காரு. செவரு விழுந்துரும்."

"செவருக்கு நம்மகிட்ட பதிவு இல்லம்மா. மழைக்குத்தான் இருக்கு."

"தலைவரு வீட்டுக்கு மட்டும் ஒரு சொட்டு விழ மாட்டேங்குதே, அது எப்படி?"

"அது வேற வருஷம்" என்று நமச்சிவாயம் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அந்த வருடம் பதிவுக்காரர் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர் மழைமானியை எட்டிக்கூடப் பார்க்காமல் 'நேற்றைப் போல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகவே அந்தச் சீட்டு ஒட்டிய வீட்டில் பதினொன்றாம் தேதி நடக்காது. மறுபடி பத்தாம் தேதிதான் நடக்கும்.

அந்தச் சீட்டைப் பதினான்கு வருடமாகப் பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுரங்கம் வேறு யாருக்கும் விட்டதில்லை. ஐப்பசி பதினொன்று காலையில் அவர் பதவி விலக வேண்டும் என்று பதினான்கு வருடத்துக்கு முன்பே ஆணை வந்துவிட்டது. அவர் வீட்டில் ஐப்பசி பதினொன்று வருவதே இல்லை. மனிதர் என்ன செய்வார், பாவம்.

அன்றைக்கு வானம் பளிச்சென்று இருந்தது. பத்தாம் தேதி இவ்வளவு வெயிலாக இருந்தால் நேற்றைப் போல இருக்கப்போகிற வீட்டுக்கும் இதே வெயில்தானே என்று சுப்புத்தாய் கணக்குப் போட்டாள். திரும்பும் வழியில் பொன்னுரங்கத்தின் கதவில் பசை காயாத சீட்டைப் பார்த்தாள். உரித்து எடுத்துக்கொண்டு தன் சீட்டை அங்கே ஒட்டினாள். வாசலில் இருந்த காவல்காரர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"கோணலா ஒட்டுறியே தாயி. நேரா ஒட்டு."

நேராக ஒட்டினாள். வீட்டுக்கு வந்து அவர் சீட்டைத் தன் கதவில் ஒட்டினாள்.

மறுநாள் ஏழு மணிக்குப் பொன்னுரங்கம் வீட்டின் மேல், அந்த மதிலுக்குள் மட்டும், மழை கொட்டியது. அவர் காபி டம்ளரோடு வெளியே வந்து நனைந்து பார்த்தார். பதினொன்றாம் தேதிதான். சரி என்று பதவியை விட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்றவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

சுப்புத்தாய் வீட்டில் பத்தாம் தேதி வெயில் அடித்தது. அவள் சுவரைத் தடவிப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தேதியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீரணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சிரித்தாள்.

பத்து மணிக்கு நமச்சிவாயம் முத்திரைக் கட்டையும் தலைவரின் நாற்காலியுமாக வந்தார். பின்னால் ஊரே நின்றது.

"பத்தாம் தேதி இங்கதான நடக்குது? பத்தாம் தேதியில தலைவர் இன்னும் பதவி விலகல. அப்பத் தலைவரும் இங்கதான் இருக்கணும்" என்றார்.

"எவன்டா அது கட்டில்கிட்ட வர்றது?" என்றான் வீரணன்.

"பேசுறார், தலைவருக்கு ஆக மாட்டார்" என்று குறித்துக்கொண்டார் நமச்சிவாயம்.

"இங்க எதுக்கு சார் வந்தீக?" என்றாள் சுப்புத்தாய்.

"இந்தம்மா கேள்வி கேக்குது. இதுவும் ஆகாது."

பிறகு அவர் மேற்குச் சுவருக்கு முன்னால் நின்று, கீழத்தெருக் குழாயில் நான்கு மாதமாகத் தண்ணீர் வராததைப் பற்றிய மனுவை உரக்கப் படித்தார். சுவர் பதில் சொல்லவில்லை. முகம் சுளிக்கவில்லை. இன்னொரு முறை படித்தார். அப்போதும் அப்படியே நின்றது. பதினான்கு வருடம் பழகிய ஊர் உடனே அடையாளம் கண்டுகொண்டது. சுவருக்கு மாலை போட்டார்கள்.

ஆளுக்கொரு மனு கொண்டுவந்திருந்தார்கள். தலைவருக்குக் கை இல்லாததால் மனுக்களை அவர் மேலேயே ஒட்டுவது என்று முடிவானது. தொண்ணூற்றொன்பது வீட்டுக்காரர்களும் வானிலைக் கூடத்து வாளியிலிருந்து மைதாப் பசையை அள்ளி அள்ளித் தடவினார்கள். ஓசிப் பசைக்கு எவன் கஞ்சத்தனம் பார்ப்பான்? பசைத் தண்ணீர் இறங்கி மண்ணில் ஊறியது. வயிறு தள்ளியிருந்த சுவர் இன்னும் இரண்டு விரற்கடை கட்டில் பக்கம் சாய்ந்தது.

"தலைவர் குனிஞ்சு கேக்குறார் பாருங்க" என்றார் வாத்தியார். எல்லோரும் கை தட்டினார்கள்.

சுப்புத்தாய் கஞ்சிக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, முதுகைச் சுவரில் கொடுத்து, காலைக் கட்டில் காலில் ஊன்றிக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. சுவர் நின்றது. வீரணன் கையை நீட்டி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டான்.

நமச்சிவாயம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கோப்பைத் திறந்தார். தலைவரைத் தாங்கி நிற்பதற்கு ஒரு பதவி உண்டு, அது காலியாகத்தான் இருக்கிறது என்றார். அவளைத் துணைத் தலைவராக நியமித்து முத்திரை குத்தினார். இரவு பகல் பாராமல் நிற்க வேண்டும்.

"ஞாயித்துக்கெழம லீவு உண்டா சார்?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஒங்களுக்கு இல்ல. தலைவருக்கு உண்டு."

கூட்டம் கலைந்து வெளியே போனது. வெளியே அன்று சனிக்கிழமை. அவள் வீட்டில் மட்டும் இன்னும் வெள்ளிக்கிழமை.