எல்பா தீவு வரைக்கும்

சம்பூர்ணத்துக்கு வாய்விட்டுப் படித்தால்தான் பாடம் ஏறும். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைனில், ஒற்றை அறை வீட்டில் தம்பி தங்கைகளின் இரைச்சலுக்கு நடுவே படித்து வளர்ந்தவள். தன் குரல் தன் காதில் விழாவிட்டால் அங்கே எதுவும் மனதில் நிற்காது. பெங்களூரில் கல்லூரி ஹாஸ்டலுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

1956 மார்ச்சில் பி.ஏ. இறுதித் தேர்வுக்குப் படிக்க விடுமுறை விட்டார்கள். ஹாஸ்டல் சமையலறையையும் மூடிவிட்டார்கள். பெண்கள் டிரங்குப் பெட்டிகளோடு ஜட்கா ஏறினார்கள். மல்லேஸ்வரத்து பாமாவின் வீட்டில் சில பேர் சேர்ந்து படிக்கப்போவதாகப் பேச்சு.

"நீயும் வாயேன் சம்பூர்ணம்" என்றாள் பாமா. எந்தத் தெரு என்று சொல்லவில்லை. சம்பூர்ணமும் கேட்கவில்லை.

அவள் சிவாஜிநகரில் செண்பகம் அத்தை வீட்டுக்குப் போனாள். மாமா பக்தவச்சலத்துக்கு மில்லில் ராத்திரி ஷிஃப்ட். பகலெல்லாம் தூக்கம். முதல் நாள் பிரெஞ்சுப் புரட்சியின் முதல் பாராவை எடுத்ததுமே அத்தை ஓடி வந்தாள்.

"மெதுவாடி. மாமா எழுந்துட்டா அப்புறம் கண்ணே மூடமாட்டாரு. மனசுக்குள்ளயே படியேன்."

மனசுக்குள் படித்தாள். பக்கங்கள் புரண்டன, ஒரு வரியும் நிற்கவில்லை. அத்தை கெட்டவளில்லை. வேளைக்குச் சோறு போட்டாள். ஆனால் அந்த வீட்டில் பகலில் பாத்திரம்கூட ஓசைப்படாது. சில நாட்கள் போனதும், காலையிலிருந்து தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது சம்பூர்ணத்துக்கு உறைத்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாதா கோவிலுக்கு நடந்தாள். அவள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே கும்பிடுவது புத்தரை. ஆனாலும் கோவில் வளாகத்தில் மரநிழல் இருந்தது, யாரும் விரட்டவில்லை.

மரத்தடியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். வாசலோரம் மெழுகுவர்த்தி விற்கும் காந்தா வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன பாப்பா, இங்கிலீசுல இவ்ளோ நேரம் ஜெபம் பண்ற? வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?"

"ஜெபம் இல்லக்கா. பரீட்சைக்குப் பாடம்."

"பாடத்துல என்ன?"

சம்பூர்ணம் யோசித்தாள். "ஒரு ராஜா, ஒரு ராணி. ஜனங்க பசியில கெடந்தாங்க. எல்லாரும் சேர்ந்து ராஜாவை எதுத்துக் கெளம்பிட்டாங்க."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்' அவளைப் பிடித்துக்கொண்டது. அன்று முதல் காலையில் ஒரு பாடம் படிப்பாள். வெயில் ஏறி, கோவிலுக்கு வருபவர்கள் குறைந்ததும் அதைக் காந்தாவுக்குத் தமிழில் சொல்வாள். மாறுவேஷத்தில் வண்டியேறி ஓடிய ராஜ குடும்பத்தை வழியில் பிடித்த இடம் வந்தபோது காந்தா மெழுகுவர்த்திக் கூடையையே மறந்துவிட்டாள்.

"அடிப்பாவி, எல்லைகிட்ட போயிட்டு மாட்டிக்கினாளா? அவளுக்குப் புள்ளைங்க இருந்துச்சா?"

"இருந்துச்சு. பையன் ஜெயில்லயே செத்துட்டான்."

காந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். மறுநாள் நெப்போலியன் வந்தான். அவனைக் காந்தாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. அண்ணன் தம்பிகளை அவன் ராஜாவாக்கியது தெரிந்த பிறகு பிடித்துப்போயிற்று. "குடும்பஸ்தன்" என்றாள். அவன் தோற்று, எல்பா தீவுக்கு அனுப்பப்பட்ட அன்று, "அங்கயே இருந்துடுவானா?" என்று கேட்டாள்.

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

மறுநாள் காந்தாவின் இடத்தில் ஒரு பூக்காரி உட்கார்ந்திருந்தாள்.

"காந்தாவா? பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுன்னு ஆள் வந்துச்சு. சந்தாபுராவுக்குப் போயிட்டா."

"எப்ப வருவாங்க?"

"பிரசவம் முடிஞ்சு வரணுமில்ல. யாருக்குத் தெரியும்? கொஞ்சம் அப்பால போய் உட்காரு பாப்பா, பூவை நிழல்ல வைக்கணும்."

சம்பூர்ணம் மரத்தடிக்குப் போனாள். எல்பாவிலிருந்து அவன் தப்பி வந்த கதையைத் தமிழில் தனக்குத்தானே சொல்லத் தொடங்கினாள். மெழுகுவர்த்தி ஏற்ற வந்த ஒரு தம்பதி திரும்பிப் பார்த்து, சற்று ஒதுங்கி நடந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. தேர்வு வரைக்கும் அவள் மீண்டும் அங்கே போகவில்லை. அத்தை வீட்டின் பின்கட்டில், துவைத்த துணிகளுக்கு நடுவே, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

சரித்திரத் தேர்வன்று கேள்வித்தாளைப் பிரித்தாள். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. காந்தாவிடம் எப்படி ஆரம்பித்தோம் என்று யோசித்தாள். ஜனங்கள் பசியில் கிடந்தார்கள். அதையே ஆங்கிலத்தில் எழுதினாள். 'அப்புறம்' என்று யாரோ கேட்பதுபோல அடுத்த வரி வந்தது.

வெளியே பெண்கள் கும்பலாக நின்று விடைகளை ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாமா அவளைப் பார்த்துவிட்டாள்.

"எப்படி எழுதின?"

"நல்லா வந்துச்சு பாமா. அந்த ரெண்டாவது கேள்விக்கு நான்..."

"ஏய் இரு, லலிதா வந்துட்டா!" பாமா ஓடிவிட்டாள்.

சம்பூர்ணம் வீடு வரை நடந்தே போனாள். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை சைகையால் சாப்பிடச் சொன்னாள்.

ஜூனில் முடிவு பத்திரிகையில் வந்தது. இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். தங்கவயலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலையும் தயாராக இருந்தது. ஊருக்குப் புறப்படும் அன்று பெட்டியோடு மாதா கோவிலுக்குப் போனாள். சனிக்கிழமை, நல்ல கூட்டம். காந்தா பழைய இடத்தில் இருந்தாள். ஒரு கையால் மெழுகுவர்த்தியைக் கொடுத்துக்கொண்டு, மறு கையால் சில்லறையை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அடடே பாப்பா! பரீட்சை என்ன ஆச்சு?"

"பாஸாயிட்டேன்க்கா. உங்க பொண்ணு?"

"பேரன் பொறந்திருக்கான். மாதா கண்ணு தெறந்தா." அதற்குள் இரண்டு பேர் கை நீட்டினார்கள். காந்தா அவர்கள் பக்கம் திரும்பினாள்.

சம்பூர்ணம் நின்றாள். காந்தா கேட்பாள் என்று காத்திருந்தாள். கூட்டம் குறையவில்லை.

"அவன் தப்பிச்சு வந்துட்டான்க்கா" என்றாள் கடைசியில். "மறுபடி சண்டை போட்டுத் தோத்தான். இன்னொரு தீவுக்கு அனுப்பிட்டாங்க. அங்கயே செத்துப்போனான்."

"யாரு பாப்பா?"

"நெப்போலியன்."

"ஐயோ பாவம்" என்றாள் காந்தா, சில்லறையை எண்ணிக்கொண்டே.

சம்பூர்ணம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.