தெருவைப் பார்

நிர்மலா தரையில் மண்டியிட்டு, குளிர்பெட்டிக்கு அடியில் கையை விட்டு நாயை இழுத்தாள். சிட்டு வரவில்லை. மேலே கண்ணாடிக்குள் அவளுடைய மாமனார் கந்தசாமி, நெற்றியில் ஒற்றை ரூபாயுடன் படுத்திருந்தார். கீழே, பெட்டியிலிருந்து சொட்டிய நீரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு அவருடைய நாய் படுத்திருந்தது.

"வுடு நிர்மலா. நன்றியுள்ள ஜீவன். எசமானன வுட்டு எப்பிடி வரும்?" என்றாள் பக்கத்து வீட்டு ஜெயம்மாள், மூக்கைச் சிந்தியபடி.

முந்தின நாள் காலையில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், மாரைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எழவில்லை. அதிலிருந்து சிட்டு பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் பெட்டியைப் பார்த்து ஒரு மூச்சும் நாயைப் பார்த்து ஒன்பது மூச்சும் அழுதார்கள். இரண்டு பேர் செல்போனில் படம் கூடப் பிடித்தார்கள்.

இழுத்த இழுப்பில் நாய் கொஞ்சம் நகர்ந்தபோது, அது படுத்திருந்த இடத்தில் பழுப்புச் சிவப்பாக ஈரம் தெரிந்தது. ஜெயம்மாளின் அழுகை சட்டென்று நின்றது.

"அய்ய, சூட்டுக்கு வந்திருக்குதா? எழவு வூட்ல இது வேறயா! ஊர்ல இருக்கற கெடா நாயெல்லாம் வந்து வாசல்ல நிக்குமே. பொணத்த எப்பிடித் தூக்கறது? கொண்டுபோய் கொட்டாயில கட்டுமே."

நன்றியுள்ள ஜீவன் என்ற பட்டம் கால்மணி நேரம் கூடத் தாங்கவில்லை.

நிர்மலா கழுத்துக் கயிற்றைப் பிடித்துச் சிட்டுவை மெல்ல நடத்திக்கொண்டு பந்தலைத் தாண்டினாள். பந்தல் ஓரத்தில் டீக்கு வந்த பிஸ்கட்டுக்காகத் தெருநாய்கள் நாலு காத்திருந்தன. நாலும் ஆண். சிட்டு அவற்றை உரசிக்கொண்டு போனது. ஒன்று வாலை ஆட்டியது. ஒன்று கொட்டாவி விட்டது. எதுவும் மூக்கைத் தூக்கவில்லை.

நிர்மலா நின்றுவிட்டாள்.

கந்தசாமி ஒன்பது வருடமாகச் சிட்டுவை வளர்த்தார். காட்டுப்பன்றியிடமிருந்து கரும்பைக் காத்த நாய். நாலு ஈத்தில் இருபத்தொரு குட்டி. கல்வராயன் மலையிலிருந்தெல்லாம் வந்து சொல்லிவைத்து வாங்கிப்போவார்கள். ரத்தம் கண்ட நாளிலிருந்து எண்ணுவார். பதினோராம் நாள், பன்னிரண்டாம் நாள் அது தானாக நின்று வாலை ஒதுக்கினால்தான் ஆண் நாயை விடுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொல்லிவைத்தாற்போல் வந்துகொண்டிருந்த சூடு, ஏழு வயதுக்குப் பிறகு தடம் மாறியது. எட்டு மாதம் ஆகும், பதினொரு மாதம் ஆகும். ஒருமுறை சொட்டு ரத்தம்கூடக் காட்டாமல் வந்து போனது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில் சொன்னார். "வயசான பொட்டைக்கு நாள் கணக்கு நிக்காது. ரத்தத்தப் பாக்காத, தெருவப் பாரு. கெடா வந்து நின்னா சூடு. வரலன்னா நோவு."

தெரு படுத்துக் கிடந்தது.

அவள் நாயைக் கொட்டகையில் விட்டுவிட்டு உள்ளே ஓடி, உரக்கடைக் காலண்டரைப் புரட்டினாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தேதியைச் சுற்றி அவர் கையால் போட்ட வட்டம், உள்ளே 'சி'. விரல் விட்டு எண்ணினாள். ஐம்பத்தெட்டு நாள். ஐம்பத்தெட்டு நாளில் எந்த நாய்க்கு மறுபடி சூடு வரும்? முந்தாநாள் ராத்திரிச் சோற்றின்போது அவர் சொன்னதும் அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. "சிட்டு தண்ணி ஜாஸ்தி குடிக்குது. நாளிக்கு டாக்டராண்ட காட்டணும்." அவர் சொன்ன அந்த மறுநாள் அவருக்கு விடியத்தான் செய்தது, விடிந்து மூன்று மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

கொட்டகைக்குத் திரும்பியபோது அங்கே வேடியப்பன் குந்தியிருந்தார். வெள்ளிமலைப் பக்கத்து ஆள். கடைசி ஈத்தில் குட்டி கிடைக்காமல் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். மாலையோடு பிக்கப் வண்டியில் வந்திருந்தார்.

"சூட்டுல இருக்குது போல. பேசற நேரம் இல்ல, தெரியுது. ஆனாக்கா எங்கிட்ட நல்ல கெடா ஒண்ணு..."

"சூடு இல்லண்ணா. ஒரு கெடா கூட எட்டிப் பாக்கல. வயித்தத் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். கல்லாக இருந்தது. விரலை முகர்ந்து முகம் சுளித்தார். பிறகு மாலை கட்டிய நூல் கையில் சுற்றியிருந்ததை அவிழ்த்துப் போட்டார். "சீழு கோத்துருக்குது. வண்டி இருக்குது. எப்பப் போவலாம்?"

அதுதானே கேள்வி. நாலு மணிக்குத்தான் தூக்குகிறார்கள். மூத்த மருமகள் அவள், ஒரே மருமகளும் அவள். பிணம் போன வீட்டைக் கழுவி விளக்கேற்ற வேண்டியவள், நாயைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக்குப் போனால் என்ன பேசுவார்கள்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஆனால் அவளுக்கும் ஒருநாள் இப்படித்தான் ஆனது. கல்யாணமாகி மூன்றாம் வருடம். நாள் தள்ளிப்போகும், பிறகு கொட்டும். மாமியார் தங்கமணி காலண்டரில் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை இருபத்திரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. கைமருந்து அரைத்துக் கொடுத்தார்கள். கணவன் அன்புச்செல்வன் பெங்களூரில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். குழாயடியில் குடத்தோடு நின்றவளைக் கந்தசாமி கூப்பிட்டு, "கீழ் எமைய எறக்கிக் காட்டும்மா" என்றார். சோகை பிடித்த ஆட்டுக்குப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். மறு பேச்சில்லை, டிவிஎஸ்ஸை எடுத்தார். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். திரும்பி வந்தவர், பெண்சாதியிடம் சொன்னது தெருவுக்கே கேட்டது: "இனிமே இந்த வூட்ல யாரும் அவ நாள எண்ணக் கூடாது." நிர்மலாவுக்கு இன்றுவரை பிள்ளையில்லை. அந்தப் பேச்சும் இன்றுவரை அந்த வீட்டில் இல்லை. பெற்ற அப்பன் செய்திருந்தால் கடமை என்று இருந்திருப்பாள். இவர் செய்ததற்கு அவள் ஒருநாளும் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று இருந்தாள்.

நாலு மணிக்கு மேளம் முழங்கியது. அன்புச்செல்வன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போக, பெண்கள் தெருமுனை வரைக்கும் போய் அழுது திரும்பினார்கள். நிர்மலா தலையில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்டத் தங்கமணியின் முன்னால் வந்து குந்தினாள்.

"அத்த. சிட்டுக்கு அது சூடு இல்ல. வயித்துல சீழு. மாமா டாக்டராண்ட காட்டணும்னு சொன்னாரு. நான் போவட்டா?"

தங்கமணி அவளையே பார்த்தாள். சுற்றி இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கமணி பாய்க்கு அடியில் கையை விட்டு, ஒரு பழைய துண்டை இழுத்தாள். வண்ணானுக்குப் போட்ட கந்தசாமியின் துணிகளில் அது மட்டும் காணவில்லை என்று காலையில் தேடியிருந்தார்கள்.

"இதுல சுத்தித் தூக்கு. அவரு வாசன இருந்தா கடிக்காது. வெளக்க நான் ஏத்திக்கறேன்."

வண்டி தியாகதுருகத்தைத் தாண்டும்போது நாய் அவள் மடியில் அனலாகக் கொதித்தது. வேடியப்பன் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். சுடுகாட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தார்.

கால்நடை மருத்துவர் சந்தியா வயிற்றை அழுத்திப் பார்த்து, ஸ்கேன் வைத்தார்.

"வயசு?"

"ஒம்போது முடிஞ்சிது."

"கடைசியா எப்ப சூட்டுக்கு வந்துது?"

"அம்பத்தெட்டு நாளாச்சுங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்ளோ கரெக்டா யாரும் சொன்னதில்ல. யாரு குறிச்சு வெச்சது?"

"எங்க மாமா."

"சூடு அடங்கி ஒரு மாசம், ரெண்டு மாசத்துல வயசான நாய்ங்களுக்கு இது வரும். கர்ப்பப்பை முழுக்க சீழு. எடுத்தாகணும். நாளைக்குன்னு விட்டிருந்தா பொழைச்சிருக்காது." கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "மாமா வரலியா?"

வேடியப்பன் சுவரைப் பார்த்தார்.

"இன்னிக்கு வர முடியலங்க" என்றாள் நிர்மலா.

"இனிமே குட்டி போடாது. பரவால்லியா?"

நிர்மலா வாய் திறக்கும் முன் வேடியப்பன் சொன்னார். "உசுரு இருந்தா போதும் டாக்டரம்மா."

உள்ளே அறுவை நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்த அன்புச்செல்வன். "இன்னா நெனச்சிக்கினு இருக்கற நீ? எங்கப்பன் இன்னும் வெந்துகூட..." பின்னால் தங்கமணியின் குரல் கேட்டது. "போன வைடா. ஒங்கப்பன் வுட்டுட்டுப் போன வேலையத்தான் அவ செஞ்சிக்கினு இருக்கா." பிறகு, "வர்றப்ப லேட்டாச்சுன்னா சொல்லு, வண்டி எடுத்துக்கினு வர்றேன்" என்றான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சிட்டு வீட்டுக்கு வந்தது. வயிற்றில் கட்டு. வாசலில் இறக்கிவிட்டதும் மெல்ல நடந்து, நேராகக் கூடத்துக்குப் போனது. குளிர்பெட்டி இருந்த இடத்தில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில், போனவருக்கு என்று வைத்த சொம்பில் தண்ணீர். நாய் அதன் வாயில் மூக்கை நுழைத்துப் பார்த்தது. நுழையவில்லை. நாக்கை மட்டும் விட்டு நக்கியது.

"ஏய், சீ!" என்று ஜெயம்மாள் எழுந்தாள். நிர்மலா பதறிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

தங்கமணி சுவரைப் பிடித்து எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். கந்தசாமி தினமும் சாப்பிடும் அகன்ற கும்பாவோடு வந்தாள். சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றி, விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.