பெட்டிக்குள் போட்ட வரப்பு

கிட்ட வந்து உட்காருங்கள், என் தங்கங்களா. ரத்தம் வருகிற கதை சொல்லப் போகிறேன். பயமாக இருந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் அண்ணன் சக்கரவர்த்தியும் தம்பி தனசேகரனும் வீடியோ கடை வைத்திருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து என்று படம் பிடிப்பது அவர்கள். அதை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பது தங்கை அன்பரசி. சண்டை முற்றிக் கடையைப் பிரித்தபோது கேமரா ஆளுக்கொன்றாகப் போனது. மிஞ்சியது ஒரே கம்ப்யூட்டர். மலையின் அத்தனை கல்யாணமும் அதன் ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது.

"எனக்கும் ஒரு பங்கு வேணும்ணா. காவலூர்ல தனியா கடை போடப் போறேன். நான் செஞ்ச படத்தக் காட்டுனாத்தான நம்பி வேல குடுப்பாங்க?" என்றாள் அன்பரசி.

"பொட்டச்சிக்கு இன்னாடி பங்கு?"

சக்கரவர்த்தி விட்ட அறையில் அவள் உதடு கிழிந்தது. தனசேகரன் சிரித்தான். முட்டிக்கொண்டு கிடந்த இருவரும் அதில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள், பாருங்கள்.

அந்த வீட்டில் நிலம் பிரித்தால் பழைய வரப்பை வெட்டிச் சமமாக்கிவிட்டுத்தான் புது வரப்புப் போடுவார்கள். பெரியவன் வரப்புப் போடுவான், சின்னவன் தன் பங்கை முதலில் எடுப்பான். டிஸ்கிலும் பார்ட்டிஷன் என்று வரப்புப் போல ஒரு பிரிவு உண்டு; அதுவும் நிலம்தானே என்று சக்கரவர்த்தி மௌஸைப் பிடித்தான்.

அன்பரசி ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "காப்பி எடுக்காம பழைய பார்ட்டிஷன அழிக்காதண்ணா!"

"வாய மூடு."

அழித்தான். திரையில் படங்கள் இருந்த இடத்தில் வெறும் கருப்புப் பட்டை.

"ராஜாக்கண்ணு வூட்டுக் கல்யாணப் படம் எங்கடா?" தனசேகரன் அலறினான்.

"வரப்பு போட்டா வந்துடும்டா."

"முழுங்கிட்டுக் கத சொல்றியா?"

தம்பி கதவோரம் கிடந்த கொடுவாளை எடுத்து வீசினான். மௌஸ் மேலிருந்த அண்ணன் கையில் விழுந்தது. சுண்டுவிரல் துண்டாகிக் கீபோர்டில் துள்ளியது. சக்கரவர்த்தி மாடு போலக் கத்திக்கொண்டு தலையால் இடித்ததில் தம்பியின் மூக்கு நொறுங்கியது. கட்டிப் புரண்டார்கள். விளக்கு உடைந்து கண்ணாடி முதுகில் ஏறியது. தம்பியின் காதைக் கடித்து, ஒரு துண்டைத் துப்பினான் அண்ணன்.

அன்பரசி கம்ப்யூட்டரின் மின்சார ஒயரைப் பிடுங்கினாள். டிஸ்கின் மேல் புதிதாக எதுவும் பதியாதவரை அழித்த படங்கள் உள்ளேயேதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எனக்கில்லாதது எவனுக்கும் வேணாம்!" தனசேகரன் கேமரா ஸ்டாண்டை ஓங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்டியை உடைக்க வந்தான். அவள் கொடுவாளைப் பொறுக்கி, மொட்டைப் பக்கத்தால் அவன் முழங்காலில் போட்டாள். சுருண்டு விழுந்தான்.

"இன்னொரு அடி எடுத்து வெச்சா வெட்டுப்பக்கம் திருப்புவேன். அழிஞ்சது வரப்புதான், பயிரு நிக்குது. நீங்க மண்ணக் கெளறாம இருந்தா நான் அறுத்துக் குடுக்கறேன்."

இருவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, டிஸ்கைக் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டு காவலூர் பஸ் ஏறினாள்.

படங்களை மீட்டுவிட்டாள். விரல் போனவனும் மூக்குக் கோணியவனும் காவலூருக்கு வந்து நின்றபோது ஆளுக்கொரு டிஸ்க் கொடுத்தாள்.

"இதுல எந்தப் பாதி?" என்றான் தனசேகரன்.

"பாதி இல்லண்ணா, முழுசு. எங்கிட்டயும் முழுசு. நெலத்தத்தான் பிரிக்கணும், படத்தக் காப்பி எடுத்தாப் போதும்."

சக்கரவர்த்தி கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"பேச வுட்டீங்களா?"

அவர்கள் தலைகுனிந்து படி இறங்க, அவள் தன் கடை வாசலில் பெயர்ப்பலகையை மாட்டினாள்.

உங்கள் வீட்டில் கூடப் பிறந்தவர் மேல் யாரும் கொடுவாள் ஓங்காதிருக்கட்டும், கண்ணுகளா. பெண்ணின் பேச்சுக்குக் காதும், பெண்ணுக்கு முழுப் பங்கும் இருக்கட்டும். உலையில் சாமை பொங்கி, எல்லாரும் நிறைந்து வாழுங்கள்.