நீனா சவேலியேவ்னா என்றொரு சாட்சி

படத்தை இணையத்தில் ஏற்றி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, தைசியாவின் கைப்பேசி அடித்தது. கிளஃபீரா சவேலியேவ்னா. உரால் மலைப் பக்கத்துச் சிறுநகரம் ஒன்றின் பத்திரிகையில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவர். போரில் செத்த உள்ளூர்ப் பையன்கள் இருபத்தேழு பேரின் பெயர்களை அச்சிட்டதற்காக அந்தப் பத்திரிகையை இழுத்து மூடினார்கள். அந்தக் கதைதான் இந்த ஆவணப்படம். மேலிடத்து மிரட்டலைத் தன் காதால் கேட்ட ஒரே சாட்சி கிளஃபீரா.

"படம் பாத்தேன் தைசியா. முகத்த நல்லா மறைச்சிருக்கே. குரலு, பீப்பாய்க்குள்ள கரடி பேசற மாதிரி இருக்கு. பேரையும் நீனான்னு மாத்திட்டே."

"உங்களுக்குத் திருப்திதானே?"

"ஒரு பிழைய விட்டுட்டியேம்மா. எங்கப்பாவ மாத்தலையே."

தைசியா அவசரமாக மடிக்கணினியைத் திறந்தாள். படத்தை ஓடவிட்டாள். மங்கிய முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'நீனா சவேலியேவ்னா'. எழுபது வயதுப் பெண்மணியை மொட்டையாக நீனா என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. அப்பா பெயரையும் சேர்த்தால்தானே மரியாதை என்று போட்டுவிட்டாள். நம் நாட்டில் மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. வீட்டைச் சோதனை போட வருகிறவன்கூட அப்பா பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவான். ஆனால் சவேலியேவ்னா என்றால் சவேலியின் மகள். அந்த ஊரில் சவேலி என்று இருந்தவர் ஒரே ஒருவர், அவருக்கு ஒரே மகள்.

"யாராவது ஏதாவது கேட்டாங்களா?"

"ரொட்டி வாங்கப் போனேன். எங்க வட்டாரப் போலீஸ்காரன் கதவத் திறந்துவிட்டு, 'வாங்க, நீனா சவேலியேவ்னா'ங்கறான். கடையே சிரிச்சுது. அவன் மட்டும் சிரிக்கல."

"என்னை மன்னிச்சிடுங்க. இப்பவே படத்தத் தூக்கிடறேன்."

இயக்குநர் நாட்டை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. தொகுப்பதும் ஏற்றுவதும் இறக்குவதும் தைசியாவின் கையில்தான் இருந்தது.

"தூக்கி? நாப்பதாயிரம் பேர் பாத்தாச்சு. தூக்கினா, நாம பயந்துட்டோம்னு இன்னும் நாலு பேருக்குத் தெரியும். பேசாம என் முகத்த மறைக்காமப் போடு. பேர முழுசா எழுது."

"உங்களப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க!"

"பிடிக்கறவனுக்கு இனிமே உன் படம் எதுக்கு? அந்த இருபத்தேழு பையன்களுக்கும் பேரு, அப்பா பேரு, குடும்பப் பேரு எல்லாம் சரியா இருக்கான்னு மூணு தடவை படிச்சவடி நான். அவங்களுக்கு முழுப் பேரு, எனக்கு மட்டும் கள்ளப் பேரா? கூசுது."

தைசியா கெஞ்சினாள், கோபப்பட்டாள், கடைசியில் அழுதாள். காற்புள்ளிக்காக ஆசிரியரோடு மல்லுக்கட்டிய மனுஷியிடம் எது எடுபடும்? பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்ற உட்கார்ந்தாள். மங்கலை எடுத்ததும் முகம் தெரிந்தது. மூக்கின்மேல் கண்ணாடி அழுத்திய தழும்பு. கண்ணில் அப்பட்டமான பயம். பேசும்போதே அந்த அம்மாள் அவ்வளவு பயந்திருக்கிறார் என்பதைத் தன் கையாலேயே மறைத்து வைத்திருந்தோமே என்று நினைத்தபடியே தைசியா படத்தை ஏற்றினாள்.

புதிய படத்தைக் கடைசி வரை பார்த்துவிட்டுக் கிளஃபீரா மறுபடி கூப்பிட்டார்.

"முடிவுல 'படத்தொகுப்பு'ன்னு போட்டு, பக்கத்துல வெறும் கோடு இருக்கே. அது யாரு?"

"நான்தான்," என்றாள் தைசியா. "என் பேரையும் போட்டுடறேன். ஒரு நிமிஷம்."

"போடாதே. உனக்கு ஏழு வயசுப் பொண்ணு இருக்கா. கோடாவே இருக்கட்டும்."

அதைக் கேட்டதும் தைசியாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.